ஜீப்புக்கு எந்தக் கிரவுன் பினியன்?

மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பைப் பற்றிப் பிரியர்களுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், 75 குதிரைத்திறன், மூன்று கியர், அந்த எஞ்சினின் உயரத்துக்காகவே தூக்கிக் கட்டிய பானெட் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நான் நேராக வண்டிக்கு அடியில் குனிகிறேன். பின்னச்சில் தொங்கும் அந்த உருண்டைக்குள் கிரவுன், பினியன் என்று இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன. இந்த வண்டியோடு தினசரி குடும்பம் நடத்த முடியுமா என்பதை முடிவு செய்பவை அவைதான்.

கம்பெனியில் போட்டு வந்த ஜோடியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, புரொப்பல்லர் ஷாப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். ஜீப்பின் மூலக் கம்பெனியான வில்லிஸ் இந்த வண்டியை விவசாயியை மனத்தில் வைத்து வடிவமைத்தது. ஏர் இழுக்க, சேற்றில் பாரம் இழுக்க 5.38 பொருத்தமான கணக்கு. டாப் கியர் நேர் ஓட்டம், ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் கியர் கிடையாது. எனவே தார்ச்சாலையில் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை அச்சு மட்டுமே தீர்மானிக்கிறது. 6.00-16 டயரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று; 80-க்குச் சுமார் 3,200. இந்த எஞ்சினின் இழுவிசை உச்சமடைவதே 2,000 சுற்றில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை வரை 3,200-இல் ஓட்டிப் போனால், இறங்கிய பிறகும் நெடுநேரம் காதில் இரைச்சல் நிற்கும்.

அமெரிக்காவில் 1960-களின் மசில் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. கால் மைல் பந்தயத்துக்காக 4.10 அச்சோடு வாங்கப்பட்ட செவெல்களும் ஜி.டி.ஓ.க்களும் நெடுஞ்சாலையில் கதறும். அங்கும் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்றுதான். 3.08, 3.31 என்று அச்சைத் தளர்த்திக்கொண்டு, கடைக்கும் கோயிலுக்கும் அதே காரில் போய்வருகிறார்கள். நம்மூர் மசில் கார் என்று பெயரெடுத்த கான்டெஸாவுக்கு, இசுசு எஞ்சின் வந்தபோது ஐந்தாவது கியரும் கூடவே வந்துவிட்டது. ஜீப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் பொருத்தும் ஓவர்டிரைவ் வெளிநாட்டில் உண்டு, இங்கே கண்ணில் படுவதே அபூர்வம். ஆக, கிரவுன் பினியனை மாற்றுவதுதான் வழி.

எங்கள் வண்டியில் முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் 5.38-ஐ எடுத்துவிட்டு 4.27 போட்டாயிற்று. பின்னச்சில் அது 47-க்கு 11 பல். வாரக்கணக்கில் ஓட்டியும் பார்த்தாயிற்று. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலாப்பட்டு தாண்டியதும் வண்டி வேறு பிறவி எடுக்கிறது. 80-இல் எஞ்சின் 2,530 சுற்றோடு அடங்கிப் போகிறது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய நேர்ச்சாலையில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது. இந்த ஜீப்பில் அப்படிப் பேசியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் வரை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தட்டைச் சாலைக்கு 4.27 ராஜயோகம்.

ஆனால் நான் இருப்பது புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில். மரக்காணம் சாலைக்குப் போவதற்கு முன் ஊருக்குள்ளிருந்து அரியாங்குப்பம், அங்கிருந்து கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டி நகரத்துக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். 4.27 மீது எனக்குள்ள கோபமெல்லாம் இந்தப் பாதையில் பிறந்தது.

முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை முழுக்க விட்டுவிட்டால் வண்டி தானாக எவ்வளவு வேகத்தில் ஊரும்? எஞ்சின் 600 சுற்றில் ஐடிலில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் கியரின் விகிதம் 2.8. பழைய 5.38 அச்சில் மணிக்கு 5.4 கிலோமீட்டர். மனிதர் நடக்கிற வேகத்தை ஒட்டி வருகிறது. 4.27-இல் அது 6.8. தாளில் பார்த்தால் ஒன்றரை கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனால் நடப்பவரின் வேகத்துக்கு மேலே போய்விட்டதால் இனி கிளட்சை முழுக்க விடவே முடியாது. பாதி மிதித்துப் பிடித்து, விட்டு, மறுபடி மிதித்து ஓட்ட வேண்டும்.

ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி, எங்கள் ஊர் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தன்று இது உறைத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து தொடங்கி வைக்கிறார். அன்று அரியாங்குப்பத்திலிருந்து ஊர் வரை சாலை முழுக்க ஜனம். முன்னால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், பக்கத்தில் பலூன்காரர், பின்னால் ஆட்டோ. பழைய அச்சில் இந்தக் கூட்டத்தில் வண்டி தானாக ஊரும், கால் தரையில் ஓய்வாக இருக்கும். இந்த முறை ஊர் எல்லை வருவதற்குள் இடது முழங்கால் நடுங்கியது, கிளட்ச் பிளேட் தீயும் வாடை உள்ளே வந்தது. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க டபுள் கிளட்ச் போட வேண்டும். கூட்டத்துக்கு நடுவே ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு டபுள் கிளட்ச் போட யாருக்கு மனசு வரும்?

சாதாரண நாளிலும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. முருங்கப்பாக்கத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் மணிக்கு 25-இல் போகும்போது, 5.38-இல் டாப் கியரிலேயே எஞ்சின் 1,000 சுற்றில் முக்காமல் இழுக்கும். 4.27-இல் 790. எஞ்சின் முக்கி, கியர் லீவர் கையில் அதிர்ந்து, இரண்டாவதைப் போடு என்று கெஞ்சும். பஸ் கொஞ்சம் வேகமெடுத்தால் இரண்டாவதில் கத்தும், டாப் போட்டால் பஸ் மறுபடி நிற்கும். நான்கு கியர் வண்டியாக இருந்தால் இடையில் ஒரு படி இருக்கும். மூன்று கியர் பெட்டியில் இரண்டாவதுக்கும் டாப்புக்கும் இடையே 1.55 மடங்குப் பள்ளம். அச்சு விகிதத்தைத் தளர்த்தத் தளர்த்த, நகரத்தில் ஓடும் வேகமெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் விழுகிறது. நெடுஞ்சாலை வேகத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு கிரவுன் வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கடற்கரை மணலில் இன்னும் தெளிவாகத் தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டு முதல் கியரில் பழைய ஜோடியின் மொத்த விகிதம் 37, புதியதில் 29. கரையில் ஈர வலையை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தபோது, கூட நடந்து வந்த மாமா சொன்னார்: “முன்னெல்லாம் ஆமை மாதிரி அப்படியே ஊந்து வரும் தம்பி, இப்ப என்னடான்னா எகிறி எகிறிக் குதிக்குது.” மணலில் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மிதித்து ஏறும், வேகமாகச் சுற்றினால் தோண்டிக்கொண்டு இறங்கும். மாமாவுக்கு விகிதம் தெரியாது, விளைவைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

இங்கே ஒரு கெட்ட ஆலோசனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர் வீல் ஜீப்பில் பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டு, “முன் ஷாப்ட்டைக் கழற்றிப் போட்டுடுங்க சார், யார் ஃபோர் வீல் போடப்போறா” என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறையப் பேர். இரண்டு அச்சுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் சுழற்சி போகிறது. பின்னால் 4.27, முன்னால் 5.38 என்றிருந்தால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட 26 சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். ஃபோர் வீல் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கேஸையோ ஷாப்ட்டையோ முறிக்கும். போடாமலே விட்டுவிட்டால் கடலோரத்தில் ஜீப் வைத்திருப்பதற்கே அர்த்தமில்லை. மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் 3.73-க்குத் தாவும். பின்னச்சு டேனா 44. அதில் 3.73-க்கு டிஃபரன்ஷியல் கேரியரே வேறு, 3.92-இலிருந்து மேலே உள்ளவற்றுக்கு வேறு. பழைய கேரியரில் 4.27-உம் 4.88-உம் உட்காரும், 3.73 உட்காராது. செலவு கிடக்கட்டும், 100-இல் பறக்க ஆசைப்படுபவர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்கட்டும்: 9 அங்குல டிரம் பிரேக், ஒரே லைன் மாஸ்டர் சிலிண்டர். இந்த வண்டியின் வேகத்துக்கு எல்லை வகுப்பது எஞ்சின் மட்டுமில்லை. பெரிய டயர் போட்டவர்களுக்கும் ஒரு சொல்: 31 அங்குல டயர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் உங்கள் 5.38 நடைமுறையில் 4.94 ஆகிவிட்டது. அச்சைத் திறக்கவே வேண்டாம்.

செட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஜோடியை முதலில் பூட்டிய பட்டறையில் மார்க்கிங் புளூ தடவிப் பல் பதியும் இடத்தைப் பார்க்கவேயில்லை. பழைய ஷிம்மையே போட்டு மூடிவிட்டார்கள். 50-க்கு மேல் இழுக்கும்போது பின்னாலிருந்து மெல்லிய ஊளை, ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடும். வேறு கையால் திறந்து பார்த்தபோது பினியன் பல்லின் ஓரத்தில் மட்டும் தேய்மானம் பளபளத்தது. ஷிம் மாற்றி, பேக்லாஷை 5-லிருந்து 9 தவுக்குள் (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கொண்டுவந்த பிறகு சத்தம் போயிற்று. புளூ தடவாத பட்டறையில் கிரவுன் வேலை கொடுக்கவே கூடாது. புதிதாகப் பூட்டிய ஜோடியை முதல் சில ஓட்டங்களில் சூடேற்றி ஆறவிட வேண்டும், எடுத்த எடுப்பில் பாரம் ஏற்றக் கூடாது.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் அச்சில் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. 4.27-இல் உண்மையில் 60 போகும்போது முள் 48-ஐத்தான் காட்டும். குறைத்துக் காட்டுவது ஆபத்தான பொய். இருக்கிற வேகம் போதாது என்று கால் தானாக அழுத்தும்.

கன்னியக்கோயில் தாண்டி பாகூர் பக்கம் கரும்பும் நெல்லும் ஏற்றும் நண்பரின் ஜீப்பில் 4.88 இருக்கிறது, 39-க்கு 8 பல். அதை வாங்கி வந்து இதே பாதைகளில் ஓட்டினேன். 60-இல் 2,170 சுற்று, 80-இல் 2,890. ஐடிலில் ஊரும் வேகம் 5.9; கிளட்சைக் கிட்டத்தட்ட விட்டுவிடலாம். பஸ்ஸுக்குப் பின்னால் டாப்பிலேயே 900 சுற்றில் முனகாமல் வருகிறது. லோவில் மொத்த விகிதம் 33.5, மணலில் குதிக்கவில்லை. மரக்காணத்தில் கிடைத்த அந்த அமைதி இதில் பாதிதான் கிடைக்கும், அதை மறைக்க மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை சென்னை போவதற்காக, தினமும் ஊருக்குள் முழங்காலைத் தேய்ப்பது எனக்குக் கட்டுப்படியாகாது. நெடுஞ்சாலைக்காரருக்கு 4.27, சேற்றுக்காரருக்கு 5.38, வீராம்பட்டினத்துக்கு 4.88.

எத்தனையோ மாடல் வந்து போன பிறகும் மஹிந்திராவின் இந்தப் பழைய எலும்புக்கூட்டின் மீது எனக்குள்ள பாசம் குறையவில்லை என்பதற்கு, மறுபடியும் அச்சைத் திறக்கப் போவதே சாட்சி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஜோடி தேடுபவர்களுக்கு: கிரவுனிலும் பினியன் தலையிலும் பொறித்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சேர்த்து அரைத்துப் பொருத்தியவை, வெவ்வேறு ஜோடியிலிருந்து சேர்த்தால் என்ன செட்டிங் செய்தாலும் ஊளையிடும். முன்னச்சு டேனா 25, அளவில் சிறியது, பின்னச்சின் ஜோடி அதில் சேராது. எங்களுக்குப் பின்னச்சின் 4.88 கிடைத்துவிட்டது. முன்னச்சுக்குரியது கைக்கு வரும்வரை எதையும் கழற்ற வேண்டாம் என்று பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன்.