குறத்தியும் கூர்க்காவும்: அரங்கிலும் தொலைக்காட்சியிலும் இன அடையாளம்

நாடகம் மாந்தரை வகைப்படுத்தாது இயங்குதல் அரிது. அகப்பாடலில் தலைவனும் தலைவியும் இயற்பெயர் சுட்டப்பெறார். நிலத்தானும் கருப்பொருளானுமே அவரை அறிகின்றோம். ஆதலின் வகைமாந்தரைப் படைத்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று, குற்றமும் அன்று. ஆயினும் வகை வேறு, வசை வேறு. ஓர் இனத்தாரை உடை, மொழி, நிறம் ஆகியவற்றாற் குறிக்கும் உத்தி எவ்விடத்து வகையாக நிற்கின்றது, எவ்விடத்து வசையாகத் திரிகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். சோழநாட்டு அரங்கினையும் இன்றைய தொலைக்காட்சி நாடகத்தினையும் ஒருங்குவைத்து நோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசியைப் (1798–1832) பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றியது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. அது தஞ்சைப் பெரிய கோயிலில் நடிக்கப்பெற்றது. காவிரி பாயும் மருதநிலத்தில் மலையில்லை. பாபநாசத்தினின்று எத்திசை நோக்கினும் வயலும் தோப்புமே தோன்றும். இத்தகைய நாட்டினர் முன்னிலையிலேதான் குறத்தி கூடையும் கோலும் ஏந்தி மலைவளம் பாடினாள். கட்டியக்காரன் கட்டியம் கூறுவதும் அவள் வருகையைப் பாட்டு அறிவிப்பதும் குறவஞ்சியின் நெறி. அரங்கில் நிற்பவள் மலைமகள் அல்லள், அவ்வேடம் புனைந்த ஆடல்மகள் என்பதனை அவையோர் மறந்திருத்தல் இயலாது. கூடையும் கோலும் வேடத்தின் குறிகளாக நின்றன. ஓரினத்தின் இயல்பிற்குச் சான்றாக நிற்கவில்லை.

மற்றொன்றும் நோக்கற்பாலது. குறவஞ்சியில் குறத்தி நகைப்பொருள் மட்டும் அல்லள். உயர்குலத் தலைவி காமநோயால் வாடி நிற்க, அந்நோயின் காரணம் கூறும் அறிவு குறத்தியிடமே உளது. அவள் நாடு பல சுற்றியவள். குறிகூறிப் பெற்ற பரிசுகளை அடுக்கிக் கூறும் பெருமிதம் உடையவள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், சிங்கி அணிந்துள்ள அணிகலன்களை இன்னவென அறியாது சிங்கன் வினவுகின்றான். அவள் விடை இறுக்கின்றாள். சிங்கனின் பேதைமை நகை விளைக்கின்றது என்பது உண்மையே. ஆயின் அந்நகையை ஆள்பவளும் அக்குலத்துப் பெண்ணே என்பதனை மறத்தலாகாது. நகைக்குரிய களன்களுள் ஒன்றாகிய எள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இரண்டாக விரிப்பர் பேராசிரியர். குறவஞ்சியில் இரண்டற்கும் இடம் உண்டு.

மொழியடையாளத்தினை இவ்வாறே ஆராய்வோம். பாபநாசம் வட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நிகழும் பாகவத மேளாவில் நடிக்கப்பெறுவன வேங்கடராம சாத்திரியாரின் தெலுங்கு நாடகங்கள். காண்போருட் பெரும்பாலோர் தமிழர். ஆடவரே பெண்வேடம் பூணுவர். மாந்தர் தத்தமக்குரிய வருகைப் பாட்டோடு அரங்கு புகுவர். தஞ்சை மராட்டிய மன்னர் சகசியின் (1684–1712) பெயரால் வழங்கும் பஞ்சபாஷா விலாச நாடகத்திலோ மாந்தர் பன்மொழி பேசுவர். வேற்றுமொழியாளன் தன் மொழியைச் சிதைவின்றிப் பேசி அரங்கில் நிற்றலும், அதனைப் பிறமொழியார் அமர்ந்து கேட்டலும் காவிரிக்கரை அறிந்த வழக்கு என்பது இவற்றாற் பெறப்படும்.

திரைப்படம் வந்தபின் இந்நிலை மாறிற்று. குறிஞ்சிக் குறவர் தமிழ் இலக்கியம் தொன்றுதொட்டுப் பாடும் மக்கள். நரிக்குறவரோ வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட வேறொரு மக்கள். பறவை பிடித்தலும் மணிமாலையும் இருசாரார்க்கும் பொதுவெனத் தோன்றவே, பொதுமக்கள் கருத்தில் இருவரும் ஒருவராயினர். 1968 இல் வெளிவந்த 'ஒளிவிளக்கு' திரைப்படத்தில் தலைவனும் தலைவியும் நரிக்குறவர் வேடம் பூண்டு ஆடினர். அவ்வாடல் பெரும்புகழ் எய்திற்று. பின்வந்த நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றில் வேடம் மட்டும் எஞ்சிற்று. அம்மக்களின் மொழியும் வாழ்வும் இடம் பெறவில்லை. குறத்தி அரங்கில் பெற்றிருந்த குரலையும் அவ்வேடம் இழந்தது.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 இல் தொடங்கிற்று. 1993 இல் சன் தொலைக்காட்சி தோன்றிய பின்னர், நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் இல்லந்தோறும் நிலைபெற்றன. அவற்றின் உத்திகளுள் மூன்று நம் ஆய்விற்கு உரியன. முதலாவது அண்மைக் காட்சி. மேடையில் தொலைவினின்று வேடமாகத் தெரிந்தது, திரையில் தோலாகவும் முகமாகவும் தெரிகின்றது. குறி மறைந்து இயல்பாகத் தோற்றுகின்றது. இரண்டாவது பின்னணி இசை. மாந்தர் வாய் திறக்குமுன்னரே அவரைக் கண்டு நகுக என அது காண்போரை ஏவுகின்றது. மூன்றாவது எதிர்நிற்போர் முகங்களை மாறிமாறிக் காட்டுதல். எள்ளுவோர் முகம் பலகாலும் காட்டப்பெறும். எள்ளப்பட்டார் முகம் அரிதாகவே காட்டப்பெறும். பேராசிரியர் கூறிய இரண்டனுள் ஒன்றே எஞ்சுகின்றது.

இதன் பயனைச் சொற்களே காட்டும். ஒரு மக்களின் பெயராகிய 'கூர்க்கா' இரவுக் காவலாளியின் பெயராயிற்று. வணிகர்க்குரிய மதிப்புச் சொல்லாகிய 'சேட்டு' அடகுக்கடைக்காரர் பெயராயிற்று. தலைமுறை பல தமிழூரில் வாழ்ந்தவரும் நகைச்சுவைக் காட்சியில் தோன்றின் சிதைந்த தமிழே பேசவேண்டியவராகின்றனர். அவர் தம் தாய்மொழியை நன்கு பேசுவர் என்பது காண்போர் நினைவிற்கு வருவதேயில்லை.

நிறம் பற்றியும் ஒரு சொல். 2019 முதல் 2023 வரை விஜய் தொலைக்காட்சியில் வந்த 'பாரதி கண்ணம்மா' தொடர் நாயகியின் கருநிறத்தையே கதைக்கு முடிச்சாகக் கொண்டது. நிறவெறுப்பைக் கதைப்பொருளாக்கிய துணிவு பாராட்டிற்குரியது. எனினும் கருமை அங்கு இரக்கத்திற்குரிய குறையாகவே பெரிதும் நிற்கின்றது என்பது எம் கருத்து. மகளிர் மேனியின் மாமையை அழகெனப் போற்றிய இலக்கியத்தையுடைய மொழியில் இது வருந்தத்தக்கது.

உலகில் உள்ளதையே யாம் காட்டுகின்றோம் என்பர் தொடர் எடுப்போர். காவற்றொழில் புரியும் நேபாளியர் உளர் என்பதனை நாம் மறுக்கவில்லை. காவலர் அல்லாத நேபாளியர் ஒருவரையும் காட்டாமையையே மறுக்கின்றோம். இனி, பழைய அரங்கும் குற்றமற்றதன்று என்று கூறின், அதனை உடன்படுவோம். கரகாட்டம் முதலிய நிகழ்ச்சிகளில் இடம்பெற்ற குறவன் குறத்தி ஆட்டம் தம்மை இழிவுபடுத்துகின்றது எனக் குறவர் முறையிட்டனர்; 2023 இல் தமிழ்நாடு அரசு அதனைத் தடைசெய்தது. அவ்வாட்டம் குறவஞ்சியினின்று வேடத்தைக் கொண்டு, அறிவையும் பெருமிதத்தையும் விடுத்தது. ஆதலின் மேடை நன்று, தொலைக்காட்சி தீது என்பது எம் முடிபன்று. வேடம் தன்னை வேடமென அறிவித்து நிற்கின்றதா, அவ்வேடத்திற்குரியார் எதிர்மொழி கூற இடம் உளதா என்னும் இரண்டுமே அளவுகோல். இவ்விரண்டும் நீங்கிய இடத்து வகை வசையாகின்றது.

இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்ற சட்டத்தால் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். அவர்தம் மக்கள் இன்று பள்ளியில் அமரும்போது, உடன் அமர்வோர் அவர்களை முதலில் அறிந்தது எங்கு என்பது எண்ணத்தக்கது. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்காளத்தினின்றும் பீகாரினின்றும் தொழிலாளர் வந்து காவிரிப் படுகையில் நாற்று நடுகின்றனர். அவர் பேசும் மொழி வரப்பில் நிற்போர் செவிக்கு மொழியாகக் கேட்குமா, நகைப்பாகக் கேட்குமா என்பதனை ஓரளவு மாலைநேரத் தொடர்களே முடிவு செய்கின்றன. தொடர்களின் உரையாடலைத் தொகுத்து, குறவஞ்சி நூல்களை ஆராயும் நுட்பத்தோடு ஆராய்தல் இளம் ஆய்வாளர் கடன். தெலுங்கு நாடகத்தை இரவெல்லாம் இருந்து கேட்ட ஊரை அணித்தே உடைய நமக்கு, பிறர் மொழியைக் கேட்கும் பண்பு புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றன்று.