சேண அறையில் டீஹியூமிடிஃபையர்: ஒரு மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தேன்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு டிசம்பர் காலை. குதிரை மேல் ஏறக் கால் வைத்ததும் இடது அங்கவடி வார் தையல் விட்டு அறுந்தது. குதிரை அசையாமல் நின்றதால் அடிபடவில்லை. வாரை எடுத்துப் பார்த்தேன். மேல் தோல் பளபளப்பாகவே இருந்தது. தையலைப் பிரித்தால் நூல் கறுத்து, விரலால் தேய்த்தாலே தூளாகிற அளவுக்கு மக்கியிருந்தது. சோப்புப் போட்டு, எண்ணெய் தடவி, எல்லாம் முறையாகத்தான் செய்துவந்தோம். வாரை மாட்டி வைத்த அறைதான் அதைக் கெடுத்திருந்தது.

எங்கள் லாயம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். நான்கு குதிரை, ஆறு சேணம். டாக் ரூம் என்று எல்லோரும் சொல்கிற சேண அறை, 10க்கு 12 அடி, கான்கிரீட் கூரை. அக்டோபர் தொடங்கினால் விடியற்காலையில் அறைக்குள் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே தோலில் பூஞ்சணம் பிடிக்கும். போன மழைக்காலத்துக்கு முன் 18,000 ரூபாய் கொடுத்து டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினேன். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவம் இது.

எப்படி வேலை செய்கிறது?

உள்ளே இருப்பது ஃபிரிட்ஜில் உள்ளதைப் போன்ற கம்ப்ரஸர்தான். அறைக் காற்றைக் குளிர்ந்த குழாய்களின் மேல் இழுக்கும். காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகித் தொட்டியில் சொட்டும். காய்ந்த காற்று பின்பக்கமாக வெளியே வரும். 55 சதவீதம் என்று குறித்து வைத்தால் அந்த அளவுக்கு வந்ததும் தானே நிற்கும், ஏறினால் மறுபடி ஓடும்.

பெட்டியில் “ஒரு நாளைக்கு 12 லிட்டர்” என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு. அறை காயக் காய, கிடைக்கும் தண்ணீரும் குறையும்.

முதல் நாள் கணக்கு

முதல் நாள் இரண்டரை லிட்டர் தொட்டி இரண்டு முறை நிரம்பியது. ஆனால் இந்த அளவு அறையில், 28 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில், காற்றில் இருக்கும் மொத்தத் தண்ணீரே முக்கால் லிட்டர்தான். மீதி எங்கிருந்து வந்தது? கதவிடுக்கு வழியாக வந்தது கொஞ்சம். சுவர், மர அலமாரி, சேணத்துக்குள் அடைத்த கம்பளி, மடித்துப் போட்ட சேணத்துணி எல்லாம் குடித்து வைத்திருந்தது நிறைய. இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஒன்றரை லிட்டராகக் குறைந்தபோதுதான் அறை உண்மையில் காய்ந்தது என்று நம்பினேன். வாங்கியவர்கள் முதல் இரண்டு நாளில் முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்று மாதத்தில் எந்தச் சேணத்திலும் பூஞ்சணம் இல்லை. அறைக்குள் போனாலே மூக்கில் ஏறும் அந்தப் புழுங்கல் வாடையும் போய்விட்டது.

சிரமங்கள்

முதல் வாரம் முழுக்கக் காலையில், குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: “தண்ணி ரொம்பிடுச்சு சார், நின்னுபோச்சு.” தொட்டி நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும். விடிவதற்குள் அறை 74 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். பின்பக்கத் துவாரத்தில் குழாய் மாட்டி, இயந்திரத்தை இரண்டடி உயரப் பலகையில் ஏற்றி, தண்ணீர் தானே வெளியே ஓடும்படி செய்த பிறகே நிம்மதி.

இரண்டாவது, மின்வெட்டு. என்னுடையது தொடு பொத்தான் வகை. கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, யாராவது போய் அழுத்த வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, தூசு. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது கையேடு. வைக்கோல் தூளும் குதிரை முடியும் பறக்கும் இடத்தில் ஐந்தாறு நாளில் அடைத்துக்கொள்கிறது. குதிரை கட்டும் இடத்துக்கும் சேண அறைக்கும் நடுவே திறந்த ஜன்னல் இருந்தால் மூடிவிடுங்கள். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, இயந்திரத்தின் செம்புக் குழாய்களை அரிக்கும்.

சத்தம் பழைய ஃபிரிட்ஜ் அளவு. அறை இரண்டு மூன்று டிகிரி சூடாகிறது. 250 வாட், நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்.

முதலில் அறையைச் சீராக்குங்கள்

இயந்திரம் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. இவற்றைச் செய்யாமல் அதை ஓட்டினால் மின்சாரம்தான் வீண்.

சேணத் தாங்கியைச் சுவரிலிருந்து சேணம் மூன்று அங்குலமாவது விலகி இருக்கும்படி அடியுங்கள். சுவரைத் தொட்ட இடத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கிறது. கடிவாளத்தை ஆணியில் மாட்டாதீர்கள். தலைவார் மடிந்து, அந்த மடிப்பிலேயே வெடிக்கும். நான் நாலங்குல பி.வி.சி. குழாயைத் துண்டு போட்டுச் சுவரில் திருகினேன், வார் வளைவாக உட்கார்ந்துகொண்டது.

வியர்வை ஊறிய சேணத்துணியும் வயிற்றுப் பட்டையும் உள்ளே வரவே கூடாது. வெளியே நிழலான கொடியில் காய்ந்த பிறகுதான் அறை. ஒவ்வொரு குதிரைக்கும் தனித் துணி, தனித் தூரிகை. படர்தாமரை இவற்றின் வழியாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். பூஞ்சணம் கண்டால் வெளியே கொண்டுபோய் ஈரத்துணியால் துடையுங்கள். அறைக்குள் தட்டினால் வித்துகள் மற்ற சேணங்களிலும் போய் உட்காரும்.

எண்ணெயிலும் அளவு வேண்டும். கூடினால் தோல் தொளதொளவென்று ஆகிப் பிடிப்பு போய்விடும்.

யாருக்கு ஏற்றது?

கடலோரத்தில், மூன்று சேணத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஈரப்பதத்தை 50க்கும் 55க்கும் நடுவே வையுங்கள். 40க்குக் கீழே போனால் தோல் வறண்டு வெடிக்கும். இயந்திரத்தின் திரையை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு ஈரப்பதமானியைச் சேணத்தின் அருகே மாட்டுங்கள்.

உதகை போன்ற குளிரான ஊருக்கு இந்தக் கம்ப்ரஸர் வகை சரிவராது, குழாயில் உறைபனி படியும். ஈரம் உறிஞ்சும் ரசாயனம் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு சேணம் என்றால், மூடிய அலமாரியின் அடியில் தோலைத் தொடாமல் கம்பிவலைக்குள் எரியும் 60 வாட் குண்டு பல்பு போதும். காற்று லேசாகச் சூடானாலே ஈரப்பதம் இறங்கும்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஏற்கெனவே மக்கிப்போன நூலை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது. இன்றைக்கே எல்லா அங்கவடி வாரையும் வயிற்றுப் பட்டை வாரையும் கழற்றி, தையல் மேல் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பிசிறினால் அதை அன்றே தைக்கக் கொடுங்கள். அறையைக் காய வைக்கும் வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.