எல்லை தொடங்கும் இடம்: போட் மெயில் நினைவும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யும்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் பெற்ற ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயிலிலும் செல்ல முடிந்தது. இந்தப் ‘போட் மெயில்’ தடையற்ற பயணத்தின் குறியீடாகவே நினைவுகூரப்படுகிறது. அந்நினைவு முழுமையானதன்று. தோட்டத் தொழிலாளர், இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கும் தனிமைக்காப்புக்கும் உட்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அவர்களுக்கு எல்லை இந்திய மண்ணிலேயே தொடங்கிற்று.

இவ்வேறுபாட்டோடு வாசிக்கத்தக்கது ‘துன்பக்கேணி’ (1935). வாசுதேவநல்லூரை அன்று உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்லும் மருதியின் துயரைத் தோட்டக் கொடுமை என்று மட்டும் கொள்வது குறைவாசிப்பாகும். ஊரில் சாதியும் நிலவுடைமையும் அவளை வெளியேற்றுகின்றன. தோட்டத்தில் அதிகாரம் அவள் உடலைச் சூறையாடுகிறது. பயணத்தின் இரு முனைகளையும் கதை ஒருசேர நிறுத்துகிறது. எந்த முனையிலும் அவளுக்கு உரிமை இல்லை.

கதை வெளிவந்து 13 ஆண்டுகளுக்குப்பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்தது. பின்னர்த் தாயகம் திரும்பியோர் பலரை எதிர்கொண்டதும் மண்டபம் முகாமே.

பாதையைப் புயல் மூடியது என்னும் நினைவு, சட்டம் முன்னரே அடைத்த கதவை மறைக்கிறது. அக்கதவின் முன்வரலாறாக ‘துன்பக்கேணி’யை மறுவாசிப்புச் செய்தல் வேண்டும்.