மூன்று கணினி, ஒரே பிழை

விமானமோ, அணு உலையோ, ரயில் சிக்னலோ, எதைப் பற்றிக் கேட்டாலும் விற்பவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: ஒரு கணினி போனால் என்ன, பேக்கப் இருக்கிறதே. இது பொய்யில்லை. சிப் சூடேறிப் பழுதாகும், கம்பி அறும், மின்சாரம் தடுமாறும். இவை ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியே, வெவ்வேறு நேரத்தில் நேர்பவை. கூடுதலாக இரண்டு பெட்டி வைப்பது அவற்றுக்குச் சரியான மருந்து. ஏர்பஸ் ஏ320 விமானங்கள் 1988 முதல் பல கணினிகளை நம்பித்தான் பறக்கின்றன. அந்தப் பொறியியலின் மதிப்பை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தேய்ந்து பழுதாகும் பொருளுக்குக் கண்ட மருந்தையே, தேயாத மென்பொருளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. நிரலில் இருக்கும் பிழை முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கிறது. பிரதி எடுத்தால் பிழைக்கும் சேர்த்தே பிரதி கிடைக்கிறது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில் திசையையும் வேகத்தையும் அளக்கும் கணினிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒரே வன்பொருள், ஏரியான் 4-இலிருந்து எடுத்துவந்த ஒரே மென்பொருள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட அதிகம். அதையொட்டிய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றபோது எண் கொள்ளவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தன் வன்பொருள் கெட்டுவிட்டது என்பதுபோல் பேக்கப் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. முதன்மைக் கணினி 72 மில்லி நொடி கழித்து அதே காரணத்துக்காக நின்றது. பொறுப்பை மாற்றிவிட ஆளில்லை. நான்கு செயற்கைக்கோள்களோடு ராக்கெட் வெடித்துச் சிதறியது. பிழை காட்டிய அந்தக் கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. வன்பொருள் தற்செயலாகக் கெடுவதை மட்டுமே மனத்தில் வைத்து வடிவமைத்ததை விசாரணைக் குழு நேராகவே குறை சொன்னது. ஆக, பேக்கப் பற்றாமல் போனதல்ல சிக்கல். பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பிழை கண்டால் நின்றுவிடு என்று எழுதினார்கள்.

இதற்குக் கூடுதல் கணினிகளை ஆதரிப்பவரின் பதில் தயாராக இருக்கும்: பிரதி எடுக்காதே, வெவ்வேறு குழுக்களை வைத்துத் தனித்தனியாக எழுதச் சொல், பெரும்பான்மை விடையை எடுத்துக்கொள். கணினி அறிவியலாளர் அல்கிர்தாஸ் அவிஷியனிஸ் 1970-களில் முன்வைத்த யோசனை இது. கணக்கு கவர்ச்சியானது: ஒரு நிரல் ஆயிரத்தில் ஒரு முறை தவறினால், இரண்டு நிரல்கள் ஒன்றாகத் தவறுவது பத்து லட்சத்தில் ஒரு முறைதானே? தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். 1986-இல் கணினி ஆய்வாளர்கள் ஜான் நைட்டும் நான்சி லெவிசனும் அதைச் சோதித்தார்கள். ஒரே விவரக்குறிப்புக்கு 27 நிரல்கள் தனித்தனியே எழுதப்பட்டன. ஒவ்வொன்றும் பத்து லட்சம் சோதனைகளைச் சந்தித்தது. நிரல்கள் மோசமில்லை, ஆறு ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் 1,255 சோதனைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் சேர்ந்தே தவறின. இரண்டு சோதனைகளில் எட்டு நிரல்கள். சாராமை என்ற அனுமானம் அங்கே நிற்கவில்லை. வினாத்தாளின் கடினமான கேள்வியில் பக்கத்தில் உட்காராத மாணவர்களும் சறுக்குவதில்லையா? காப்பி அடித்தார்கள் என்றா அர்த்தம்?

எழுதியவர்கள் மாணவர்கள், தொழில்முறைக் குழுக்கள் அப்படிச் சறுக்கமாட்டா என்று எதிர்ப்பு வந்தது. நியாயமான சந்தேகம்தான், ஆனால் சாராமையை நிரூபிக்க வேண்டியவர் அதை வைத்துப் பெருக்குபவரே, மறுப்பவர் அல்ல. ஒன்றைவிட மூன்று கொஞ்சமாவது மேல்தானே என்பது அடுத்த வாதம். இருக்கலாம். எவ்வளவு மேல் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே சிக்கல். பெரும் விபத்துக்கு இட்டுச்செல்லும் கோளாறு நூறு கோடி மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கலாம் என்பது விமானத் துறையின் அளவுகோல். அதைச் சோதித்துக் காட்ட 1,14,000 ஆண்டுகளுக்கு மேல் ஓட்ட வேண்டும். சோதனை எட்டாத அந்த இடத்தைப் பெருக்கலால் நிரப்பிக்கொள்கிறார்கள். போதாததற்கு, கூடுதல் கணினியே கோளாறைக் கொண்டுவரும்: 1981 ஏப்ரல் 10 அன்று முதல் விண்வெளி ஓடம் கிளம்பாமல் நின்றது, தனி மென்பொருளோடு வைத்திருந்த ஐந்தாவது கணினி மற்ற நான்கோடு நேரம் ஒத்துப்போகாததால்தான். ஒரே மாதிரிப் பெட்டிகள் ஒன்றாக விழும் ஆபத்தும் ஏரியானோடு தீர்ந்துவிடவில்லை: 2015-இல் போயிங் 787 பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் நான்கு பெட்டிகளும் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டு 248 நாட்கள் அணைக்கப்படாமல் ஓடினால், உள்ளே இருக்கும் மென்பொருள் எண்ணி (counter) நிரம்பி நான்கும் ஒரே கணத்தில் கைவிரித்துவிடும். பறக்கும்போதே மின்சாரம் போகலாம் என்றது அது. நல்லவேளையாக ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள்.

உண்மையில் காப்பாற்றியது வேறு வகைத் தடுப்பு. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவி ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர் பாய்ச்சியது. அதன் மென்பொருளில் இருந்த பிழை முந்தைய தெராக்-20-இலும் இருந்தது. அங்கே ஃபியூஸ் போனதோடு சரி, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிய கருவியில் மின்சுற்றுத் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பினார்கள். இங்கிலாந்தின் சைஸ்வெல் பி அணு உலையில் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் துணையாகக் கணினியே இல்லாத, காந்தச் சுற்றுகளால் ஆன இரண்டாவது அமைப்பை வைத்தார்கள். இத்தகைய தடுப்புக்குச் செலவு பிடிக்கும், விளம்பரத்துக்கு அழகாகவும் இராது. டெண்டர் எழுதும் அதிகாரிகள் எத்தனை கணினி என்று கேட்பதை நிறுத்தட்டும். அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பவை எவை, ஒரே விவரக்குறிப்பா, ஒரே கம்பைலரா, ஒரே எண்ணியா என்று எழுத்தில் வாங்கட்டும்.