கண்ணுக்கு முன் வந்த கோல்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ள திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். கிளைக் கிராமம் ஒன்றில் மாலைத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு அவ்வழியே திரும்பும்போதெல்லாம் அங்குள்ள பக்தசனேசுவரர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வருவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அக்கோபுரத்தின் விளிம்பு எனக்குக் கலங்கித் தெரிந்தது. நெடுநாளாக என்னோடிருக்கும் நீரிழிவு நோய் கண்ணையும் தொட்டுவிட்டது என்று உணர்ந்தேன். ஆயினும் ஒருவரிடமும் சொல்லவில்லை. திருப்பலி மன்றாட்டுகள் மனப்பாடம். நற்செய்தியை முந்தின இரவே பலமுறை படித்து ஏறக்குறைய நெட்டுருச் செய்துகொண்டேன். மந்தையை வழிநடத்த வேண்டிய ஆயனுக்குக் கண் தெரியவில்லை என்பதை மந்தை அறியலாமா என்பதே என் அச்சம்.

சிகிச்சைக்குப் பின், கண் ஓரளவு தெளிந்தபோது, பெரியபுராணத்தை மீண்டும் எடுத்தேன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய அந்நூலை அடியார் வரலாறாகவும் காவியமாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். நோயுற்ற மனிதர் தம் நோயை யாரிடம் சொல்கிறார் என்ற ஒரே கேள்வியோடு நான் அதைப் படித்தேன். மூன்று காட்சிகள் என்னை நிறுத்தி வைத்தன.

முதற்காட்சி திருநாவுக்கரசருடையது. சமணப் பள்ளியில் தருமசேனராக உயர்ந்திருந்த மருள்நீக்கியாரைச் சூலை நோய் பற்றுகிறது. பள்ளியினர் செய்த மந்திர முறைகள் பயன்தரவில்லை. அவர் சமையற்காரன் வழியாகத் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாருக்குச் செய்தி அனுப்புகிறார். அம்மையாரோ அங்கு வர மறுத்துவிடுகிறார். இளமையில் இப்பகுதியைப் படித்தபோது, இது என்ன கடுமை என்று எனக்குத் தோன்றியது. இப்போது வேறாகத் தோன்றுகிறது. தமக்கையின் மறுப்பு தம்பியை நடக்க வைக்கிறது. இரவில் வெள்ளாடை போர்த்திக்கொண்டு ஒருவரும் அறியாமல் அவர் வந்து தமக்கையின் காலடியில் விழுகிறார். பதவியையும் பெயரையும் விட்டு, "எனக்கு நோய்" என்று சொல்ல அவர் நடந்த அந்த வழிதான் நலத்தின் தொடக்கம். நான்காம் திருமுறையின் முதற்பதிகத்தில் வலி எங்கே, எவ்வாறு வருத்துகிறது என்று உடலுறுப்பின் பெயர் சொல்லியே அவர் முறையிடுகிறார். பொதுப்படையான துயரமாக அதை அவர் மழுப்பவில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சமணரைக் கையாலாகாதவராகக் காட்டுவதில் காவியம் சமயப் பூசலின் சார்பை விட்டு நீங்கவில்லை. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கு தானங்களைப் போற்றிய சமயம் சமணம். மருந்துச் சரக்குகளின் பெயரையே தாங்கிய ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணப் புலவர் தந்தவை. அயலார் சமயத்தின் தோல்வியில் நம் சமயத்தின் வெற்றியைக் காணும் பழக்கம் நமக்கும் உண்டு. ஆகவே இப்பகுதியை எச்சரிக்கையோடு படிப்பது நமக்கே நல்லது.

இரண்டாம் காட்சி ஏயர்கோன் கலிக்காம நாயனாருடையது. அவரையும் சூலை வாட்டுகிறது. சுந்தரரால்தான் அது தீரும் என்று அவருக்கு உணர்த்தப்படுகிறது. ஆனால், பரவையாரிடம் இறைவனையே தூதனுப்பிய அந்தச் சுந்தரர்மீது அவருக்கு அடங்காச் சினம். அவர் கையால் நலம்பெறுவதினும் மடிவதே மேல் என்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். சுந்தரர் வருகிறார். அழுகையை அடக்கிய வீட்டார், அவருக்குத் தீங்கொன்றுமில்லை, உள்ளே உறங்குகிறார் என்கின்றனர்.

இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். எத்தனை வீட்டு வாசலில் இதே விடையைக் கேட்டிருக்கிறேன்! காசநோய், மனநோய், மார்பகப் புற்றுநோய், குடிநோய் எதுவாயினும், "ஒண்ணுமில்லீங்க சாமி, அசந்து தூங்குறாரு" என்பதே விடை. சுந்தரர் அந்த விடையோடு திரும்பிவிடவில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்று உள்ளே புகுந்து, உண்மையைக் கண்டு, தாமும் மடியத் துணிகிறார். இறையருளால் எழுந்த கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுக்க, இருவரும் நண்பராகின்றனர். அற்புதத்தால் முடிச்சு அவிழ்வது விமரிசகருக்கு நிறைவு தராமலிருக்கலாம். ஆனால் காவியத்தின் நோக்கு கூர்மையானது. கலிக்காமரின் குடலில் இருந்த நோயினும் கொடியது, இன்னாரிடம் உதவி பெறமாட்டேன் என்ற அவரது வைராக்கியம்.

மூன்றாம் காட்சி சுந்தரருடையதே. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சூளுறவை மீறி எல்லை கடந்ததும் அவர் கண்ணொளி மறைகிறது. தம் பிழையை அவர் மறைக்கவில்லை, இழப்பையும் மறைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று, தோழராகிய இறைவனிடம் உரிமையோடு சண்டையிடுகிறார். திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது கண்ணன்று, ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே வருகின்றன. இடையில் திருத்துருத்தியில் உடற்பிணி தீர்கிறது. ஆரூரில் அவர் பாடுவது, வாழ்த்துப்போல் ஒலிக்கும் வசை. நலம் ஒரே நொடியில் வாராமல் தவணை தவணையாக வருவதையும், அதுவரை தாங்கிக்கொள்ள ஒரு கோல் தேவைப்படுவதையும் நோயாளிகள் நன்கறிவர்.

எனக்கு வந்த கோல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அருகில் வந்து, "சாமி, எழுத்து மேல கறுப்புப் புள்ளி மிதக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டார். திடுக்கிட்டேன். "எனக்கும் அப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. லேசர் வச்சாங்க. அன்னைக்கு நான் ஆறு மாசம் வீணாக்கிட்டேன். நீங்க வீணாக்காதீங்க" என்றார். மருத்துவர்மேல் எனக்கிருந்த அச்சத்தை, அதே நாற்காலியில் அமர்ந்து எழுந்த ஒருவருடைய சொல்லே தீர்த்தது. மறுவாரம் அவரே என்னோடு மருத்துவமனைக்கு வந்தார்.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு கூறாக வகுத்தார். அதே நோயில் நடந்து வந்தவரை ஐந்தாவதாகச் சேர்க்கலாம் என்பது என் துணிபு. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935இல் குடிநோயால் நலிந்த அறுவை மருத்துவர் ஒருவரைக் கரைசேர்த்தது, அதே நோயிலிருந்து மீண்டுவந்த, மருத்துவம் பயிலாத ஒருவருடைய உரையாடல். அச்சந்திப்பிலிருந்தே உலகெங்கும் பரவிய குடிநோயர் துணைக்குழுக்கள் பிறந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மாவட்டம் நம்முடையது. குடிநோயைப் பற்றிப் பேச ஒரு திண்ணையேனும் நம் பங்குகளில் உண்டா?

ஆனால் நோயைச் சொன்னால் மட்டும் போதாது. கேட்பவருக்கும் கடமை உண்டு. யோபுவின் நண்பர் மூவரும் முதலில் சரியாகவே நடந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். வாய் திறந்தபோதே பிழை தொடங்கியது. துன்பத்திற்குக் காரணம் பாவம் என்று அவர்கள் நீண்ட மறையுரை ஆற்றினர். இறுதியில் ஆண்டவர் கண்டித்தது அவர்களையே. என் கண்நோய் வெளிப்பட்டபின் எனக்கும் அத்தகைய நண்பர்கள் வாய்த்தனர். ஒருவர் செபக்குறைவு என்றார். மற்றொருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தாம் சொல்லும் பச்சிலைச் சாற்றைக் குடிக்கச் சொன்னார். ஓட்டுநர் இவ்விரண்டையும் செய்யவில்லை. தமக்கு நேர்ந்ததை மட்டும் சொன்னார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நல்ல துணையை அறியும் அளவுகோல் இதுவே என்பேன்.

யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், நோயுற்றவர் திருச்சபையின் மூப்பரை அழைக்கட்டும் என்று தொடங்கி, ஒருவர் மற்றவரிடம் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் மன்றாடுங்கள், குணமடைவீர்கள் என்று செல்கிறது. முதற்பகுதியை நோயிற்பூசுதலாகப் பேணி வருகிறோம். "ஒருவர் மற்றவரிடம்" என்ற பகுதியை ஏனோ ஏட்டிலேயே விட்டுவிட்டோம். அப்பிழையில் பெரும்பங்கு அருட்பணியாளராகிய எங்களுடையது. நாங்கள் கேட்பவர்களாகவே இருந்துவிட்டோம். சொல்பவர்களாக இருந்து காட்டவில்லை.

இப்போது எங்கள் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின், நீரிழிவு உள்ளோர் ஆலயத்தின் வேப்பமரத்தடியில் கூடுகின்றனர். மறையுரை கிடையாது. ஓட்டுநர்தான் நாற்காலிகளை எடுத்துப் போடுகிறார். அவற்றுள் ஒன்று எனக்கு.