'சின்ஸ்' கண்டால் 'ஹேவ்' போடு

போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் ஆங்கில இலக்கணம் என்றால், முதலில் பலகையில் பன்னிரண்டு கட்டங்கள் விழும். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வடிவம். அடுத்த நாள் அந்தக் கட்டங்களுக்குச் சாவி கிடைக்கும். 'எஸ்டர்டே' வந்தால் சிம்பிள் பாஸ்ட். 'நவ்' வந்தால் பிரசன்ட் கன்டினியூவஸ். 'சின்ஸ்', 'ஃபார்' வந்தால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். கீவேர்டைப் பார், டிக் அடி, இதுதான் பாடம்.

இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட முடியாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வு, 2024இல், முதற்கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்விகள் கேட்டது. அவற்றில் 25 ஆங்கிலம். கேள்வி ஒன்றுக்கு 36 விநாடி. தவறினால் அரை மதிப்பெண் போகும். அங்கே நின்று நிதானிக்க நேரமில்லை. தவிர, வினாத்தாளில் வரும் தனி வாக்கியத்துக்குச் சொல்பவரும் இல்லை, சூழலும் இல்லை. ஒரே விடைதான் சரி என்று ஆக வேண்டுமானால், வினா எடுப்பவர் ஒரு காலச் சொல்லை உள்ளே வைத்தே தீர வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வாசிப்புத்தான். வீட்டில் ஆங்கிலமே புழங்காத பிள்ளைக்கு அது முதல் பிடிமானமும்கூட.

ஆனால் அந்தச் சொல் சொல்லாததையும் சொல்வதாக எடுத்துக்கொள்ளும்போது சறுக்குகிறது. 'பாரதி டேஷ் இன் பாண்டிச்சேரி ஃபார் டென் இயர்ஸ்' என்றொரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். விடைகள் 'ஹேஸ் லிவ்ட்', 'லிவ்ட்'. 'ஃபார்' கண்ட கை முதல் விடைக்கே போகும். பாரதி புதுவைக்குப் போனது 1908இல், கிளம்பியது 1918இல், மறைந்தது 1921இல். அந்தப் பத்து ஆண்டு என்றோ முடிந்துபோனது. ஆகவே 'லிவ்ட்'தான் சரி. 'ஃபார்' எவ்வளவு காலம் என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் காலம் இன்றுவரை வந்து தொடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. 'சின்ஸ்' இன்னும் மோசம். 'சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்' என்பதில் அது காலச் சொல்லே இல்லை. மழை பெய்ததால் வீட்டில் இருந்தோம் என்று காரணம் சொல்கிறது.

இதைவிடப் பெரிய குறை, இந்த முறை நம் தாய்மொழியைக் கண்டுகொள்ளாதது. காலையில் எழுந்து வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து, 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்ததை நாம் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதை அந்த 'இருக்கிறது' காட்டிக்கொடுக்கிறது. அதையே ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று போட்டால் பிழை. முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்த பிறகு அங்கே 'ஹேஸ்' நிற்காது. வடிவம் ஒன்றுபோல் தெரிந்தாலும் இரண்டும் பார்க்கிற வேலை வேறு. 'லாஸ்ட் நைட்' என்ற கீவேர்டை வைத்து மாணவர் தேர்வில் தப்பித்துவிடுவார். நாளை விண்ணப்பக் கடிதம் எழுதும்போது அதே பிழை திரும்பி வரும். சொந்த வாக்கியத்துக்குள் கீவேர்டை ஒளித்துவைத்துத் தர யாரும் வரமாட்டார்கள்.

1985இல் வந்த ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' இந்த இடத்தில் வேறு வழி எடுக்கிறது. பிரசன்ட் பெர்ஃபெக்டையும் பாஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சூழலில் எது என்று ஒப்பிடுகிறது. மெதுவான வழிதான், அடுத்த மாதம் தேர்வு வைத்திருப்பவருக்குப் பொறுமை இருக்காது.

அதனால் கீவேர்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வியை நிறுத்தினால் போதும்: 'இந்தக் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா?' பயிற்சியின்போது சரியான விடையை டிக் செய்ததோடு நிற்காமல், ஒதுக்கிய விடை எந்த வாக்கியத்தில் சரியாகும் என்று ஒருவரி எழுதிப் பாருங்கள். பாரதிக்குப் பொருந்தாத 'ஹேஸ் லிவ்ட்', பத்து ஆண்டாக எதிர்வீட்டில் குடியிருப்பவருக்குப் பொருந்தும். அந்த வாக்கியத்தை நீங்களே எழுத முடிந்தால், அதற்குப் பிறகு 36 விநாடி தாராளம்.