பேசியவருக்குப் படித்துக் காட்டாத ஆய்வு

சமூகப்பணி ஆய்வில் இப்போது எங்கும் சமத்துவப் பேச்சுதான். விளிம்புநிலை மக்களின் குரலைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லாத ஆய்வேட்டு முன்னுரையைப் பார்ப்பதே அரிது. நேர்காணலும் குழு உரையாடலும் வந்துவிட்டால் சமத்துவமும் வந்துவிடும் என்று வாதிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரில் கேட்டறியும் முறையின் பலத்தை மறுக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்தக் கணக்கு அரசிடம் உண்டு. ஆனால் அதில் கணவனை இழந்தவள் கடனையும் பிள்ளைகளையும் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதை அவளருகே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

கேட்டபிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் நெடுநாள் ஆட்சேபம். நைனார்பாளையம் பக்கத்துக் களத்தில் மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவர் சம்மதப் படிவத்தை நீட்டுகிறார். அவள் கைநாட்டு வைக்கிறாள். செல்போனில் பேச்சு பதிவாகிறது. அத்தோடு அவளுடைய பங்கு முடிந்தது. அவள் பேச்சை எப்படிப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது, என்ன முடிவுக்கு வருவது என்பதையெல்லாம் கல்லூரியில் முடிவுசெய்கிறார்கள். ஏட்டில் அவள் ‘பங்கேற்பாளர் 7’. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

பேசியவரிடமே சரிபார்க்கும் முறை இருக்கிறதே என்பார்கள். ஆய்வுமுறை அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் 1985இலேயே அதை விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் அவர்கள் அதை வைத்தது ஆய்வின் நம்பகத்தன்மைக்காக. பேசியவரின் உரிமையாக அது இன்னும் ஆகவில்லை. நேரமில்லை, பணமில்லை என்ற சாக்கும் எடுபடாது. தரவு சேகரிக்கப் பஸ் ஏறி வர முடிந்தவருக்கு, முடிவைச் சொல்ல இன்னொரு முறை வர முடியாதா?

முடிவைத் திரும்பச் சொல்லாததன் விலையைக் கொடுப்பவர்களில் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரும் உண்டு. சாராயம் காய்ச்சுபவர்கள், செம்மரம் வெட்டப் போகிறவர்கள் என்ற முத்திரை அவர்கள்மேல் ஏற்கெனவே இருக்கிறது. அதே முத்திரையை ஓர் ஆய்வேடும் குத்தினால், அதை மறுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு வரிகூட இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் தங்களை ஆராய வருபவர்களுக்கு 2017இல் தாங்களே நெறிமுறை வகுத்தார்கள். நம் பல்கலைக்கழகங்கள் அப்படியொரு நிபந்தனையை வைக்க எந்தத் தடையும் இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வின் முடிவைப் பேசியவர்கள் நடுவே தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் மறுப்பதையும் ஏட்டில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வுக்குப் பட்டம் தரக்கூடாது.